இடுப்பளவுச் சேற்றில் ஒரு சீன் பெயிண்டர்

புஷ்பவல்லி அழுதாள். கொட்டகை சிரித்தது.

லேசுப்பட்ட அழுகை இல்லை அது. கட்டின புருஷன் நடுக்காட்டில் விட்டுவிட்டு ஓடிவிட்டான். ராஜகுமாரி மண்ணில் விழுந்து புரண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, மூச்சு முட்ட அழுகிறாள். ஆறு வருஷமாக நாடகத்தில் இந்த இடம் வந்தால் தரை டிக்கெட்டில் உள்ள முந்தானை எல்லாம் கண்ணுக்குப் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லா முந்தானையும் வாய்க்குப் போயிருந்தது. சிரிப்பை அடைக்க.

ஆரம்பித்து வைத்தவள் மூன்றாம் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரி.

"ஏண்டி, அந்தக் கொக்கைப் பாருங்கடி! முட்டியை முன்னால மடக்கிகினு நிக்குது! கொக்கா அது? மாதா கோயில்ல மண்டி போடற மன்சன்!"

ராஜகுமாரிக்குப் பின்னால் தொங்கிய படுதாவில் அருவி இருந்தது, ஆலமரம் இருந்தது, மான், மயில், ஓரத்தில் ஒரு சிங்கம், குளக்கரையில் அந்தக் கொக்கு. அதுவரை ஒருவரும் கொக்கைக் கவனித்ததில்லை. இப்போது கொட்டகையில் அதைத் தவிர வேறு எதையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

மேடையோரத் தட்டிக்குப் பின்னால் நின்ற சீன் பெயிண்டர் ஸ்டானிஸ்லாஸுக்குக் காது மடல் சுட்டது. அருவி அவனுடையது. சிங்கம் அவனுடையது. அந்த முட்டியும் அவனுடையதுதான். மாதா கோயிலில் மண்டி போட்டுப் போட்டுப் பார்த்த முட்டி, அப்படியே கை வழியாக வந்திருக்கிறது.

திரை விழுந்ததும் நாடகக் கம்பெனி முதலாளி கிருஷ்ணப்பன் வந்தார். கத்தவில்லை. அவர் கத்தாத நாளில்தான் கம்பெனியில் எல்லோரும் பயப்படுவார்கள்.

"ஸ்டான்லாசு, நீ காட்டுக்குப் போயிருக்கியா?"

"இல்ல மொதலாளி."

"எங்கதான் போயிருக்கே?"

ஸ்டானிஸ்லாஸ் யோசித்தான். ராயபுரம். தங்கசாலை. ஒரு தடவை சைதாப்பேட்டை.

"அடுத்த ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு இதே நாடகம், இதே சாயங்காலம் ஆறு மணிக்கு. புதுக் காட்டு சீன் தொங்கணும். தரை டிக்கெட் பொம்பளைங்க அளுவணும். ஒருத்தி சிரிச்சாலும் பம்பாய்லேர்ந்து அச்சடிச்ச படுதா வந்துடும். நீ சலூன் கடை போர்டு எளுதப் போவலாம். இன்னா?"

"சரி மொதலாளி."

சலூன் கடை போர்டு! பதினேழு வருஷம் அரண்மனையும் ஆகாயமும் எழுதின கை. ஸ்டானிஸ்லாஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நேராகக் கல்மண்டபம் மீன் கடைக்குப் போனான். சிரிக்க வைத்தவளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்தக் குரல் தெருமுனைக்கே கேட்டது. அங்கம்மா, எண்ணூர்க் குப்பத்துக்காரி. வயசு முப்பதுக்குள்தான் இருக்கும். இறால் கூடைக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"உன்னாலே எனக்கு வேலை போவப்போவுது, தெரியுமா?"

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு நைனா நீ?"

"அந்தக் கொக்கு என்னுது."

"அய்ய! நீதானா?" பக்கத்துக் கடைக்காரியை இடித்தாள். "த பாருடி, கொக்கோட அப்பன் வந்து கீறாரு!" பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "மெய்யாலுமே கொக்கைப் பாத்துகீறியா?" என்றாள்.

"பாத்திருக்கேன். காலண்டர்ல."

கடை வரிசை முழுக்க ஒரு சிரிப்பு ஓடி முடிந்தது. அங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ரயிலேறி எண்ணூர் வா. கழிமுகத்துல எட்டு நாள் எங்க பாடு. கொக்கு, நாரை, உள்ளான், எல்லாத்தையும் பாரு. எந்த முட்டி எந்தப் பக்கம் மடங்குதுன்னு ஒண்ணொண்ணா எண்ணிக்கோ."

செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கியவனைப் பார்த்து ஒரு போர்ட்டர் ஒதுங்கி வழிவிட்டான். தோளில் சுருட்டின படுதாத் துணி, ஒரு கையில் வண்ணப்பொடி டப்பாக்கள் அடுக்கிய தகரப்பெட்டி, மறு கையில் குடை, காலில் பாலிஷ் போட்ட ஷூ. இஸ்திரி போட்ட வெள்ளை பேண்ட்.

கழிமுகத்தைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் தோன்றியது, இங்கே ஒன்றுமே இல்லையே என்பதுதான். அருவி இல்லை. ஆலமரம் இல்லை. ஆள் உயரத்துக்குக் கண்டல் புதர், வேரெல்லாம் வெளியே தெரிய. அதைத் தாண்டி ஈயத்தை உருக்கி ஊற்றினாற்போல் தண்ணீர். தண்ணீர் விலகின இடத்தில் சேறு. கண்ணுக்கு எட்டின வரை சேறு. தூரத்தில் கொக்குகள் இருந்தன. ஆனால் அவன் ஒரு எட்டு வைத்தால் அவை பத்து எட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தன.

குடையை விரித்து, தண்ணீரோரம் நின்று, பென்சிலை எடுத்தான்.

"பெயிண்டரே, தண்ணில கால் வச்சுட்டியே!" அங்கம்மா கரையிலிருந்து கத்தினாள்.

"வச்சா இன்னா?"

இன்னா என்று அப்புறம்தான் தெரிந்தது. கழிமுகத்தில் நினைத்தவர்கள் நினைத்த இடத்தில் மீன் பிடித்துவிட முடியாது. இடத்தைப் பிரித்து, முறை வைத்து, இத்தனை நாள் இந்தக் கூட்டத்துக்கு என்று விட்டிருப்பார்கள். அதற்குத்தான் பாடு என்று பேர். பாடு நடக்கும்போது தண்ணீரில் கால் வைத்தவன் கலெக்டரே ஆனாலும் வேலை செய்தாக வேண்டும். செய்தால் பங்கு உண்டு. சும்மா நின்று பார்த்தால் மட்டும் ஆகாது, வலைக்குக் கண்பட்டுவிடும்.

"நான் பாக்கத்தானே வந்தேன்!"

"குனிஞ்சுகினு பாரு. யாரு வாணாங்குறாங்க?"

அவன் கையில் பென்சிலுக்குப் பதில் ஒரு பறி வந்தது. பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவி, அகப்பட்ட இறாலைக் கூடையில் போட வேண்டும். கயிறு வாயில் இருப்பதால் பேச முடியாது. ஸ்டானிஸ்லாஸ் தூக்கத்தில்கூடப் பேசுகிற ஆள். முதல் நாள் முழுக்க அவன் சொன்னது "ம்ம்ம்!" ஒன்றுதான். இறால் கொடுக்கு விரலில் ஏறினபோது.

சாயங்காலம் பங்கு பிரித்தார்கள். அவனுக்கு ஒரு கை இறால். படம் ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாளும் அப்படியே. பேசாத வாயோடு குனிந்து நடந்தவனுக்கு மெதுவாகச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. சேறு ஒரே நிறம் இல்லை. காலையில் சாம்பல், பத்து மணிக்குப் புளி கரைத்த நிறம், வெயில் சாய்ந்தால் நாவல்பழம். உள்ளான்கள் ஓடும்போது கால் தெரிவதில்லை. வயிறு மட்டும் தரையோடு வழுக்கிக்கொண்டு போகிறது. இதையெல்லாம் வரையலாம் என்று நிமிர்ந்து பார்த்தால், எல்லாம் பறந்து போயிருக்கும்.

மூன்றாம் நாள் தண்ணீர் வற்றி, பாடு முடிந்து, எல்லோரும் கரையேறின பிறகு, அவன் அதைப் பார்த்தான். கண்டல் புதருக்கு அப்பால் ஒரு திட்டு. மற்ற இடமெல்லாம் நண்டு வளை பொத்தல் பொத்தலாக, மங்கிக் கிடந்தது. இந்தத் திட்டில் ஒரு பொத்தல் இல்லை. எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. அதற்குள்ளே மொத்த ஆகாயமும் மேகத்தோடு விழுந்து கிடந்தது. நடுவில் ஒரு வெள்ளை நாரை.

"அடடா!" என்றான் ஸ்டானிஸ்லாஸ். நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே நடந்தான்.

நான்காவது எட்டில் முழங்கால் போயிற்று. ஐந்தாவது எட்டை வைக்க அந்தக் காலை எடுக்கப் பார்த்தபோது மற்றக் காலும் போயிற்று. பிறகு இடுப்பு.

"யேசுவே!"

நாரை பறந்துவிட்டது. அங்கம்மா ஓடிவந்து, நண்டு வளை இருக்கிற ஓரத்திலேயே சடக்கென்று நின்றாள்.

"பளபளன்னு கீற எடத்துல எவனாவது கால் வைப்பானாய்யா? நண்டே வூடு கட்டாத எடம், உனக்கு மட்டும் இன்னா வேலை? அசையாதே! அசைஞ்சா இன்னும் இழுக்கும். கீழ கிளிஞ்சல் கீது, அதுக்கு மேல போவாது. பலகை எடுத்தாரேன்."

"எத்தினி நேரமாவும்?"

"தண்ணி திரும்பறதுக்குள்ள வந்துடுவேன்."

"தண்ணி எப்ப திரும்பும்?"

அவள் ஏற்கெனவே ஓடிப்போயிருந்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் அசையவில்லை. அசையத் துணிச்சலும் இல்லை. மூச்சைக்கூடத் தவணை முறையில் விட்டான். ஐந்து நிமிஷம் போயிற்று. திட்டின் ஓரத்தில் ஒரு வளையிலிருந்து ஒற்றைக் கை மட்டும் பெரிதாக, செக்கச்செவேலென்று ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. அந்தக் கையை ஆட்டி அவனை வாவா என்றது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இருபது. சேற்றில் துள்ளுகிற குட்டி மீன் ஒன்று அவனுடைய சட்டைப் பொத்தான் மேல் தாவி உட்கார்ந்து, முட்டைக்கண்ணை உருட்டி முறைத்துவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் நாரை திரும்பி வந்தது.

பத்தடி தூரத்தில் இறங்கியது. அதன் கணக்கில் அவன் இப்போது மனுஷன் இல்லை. யாரோ ஊன்றி மறந்துபோன முளைக்கொம்பு. அவன் நெஞ்சு சேற்றுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அங்கிருந்து பார்க்க நாரை கோபுரம்போல நின்றது. சேறு அவன் நெஞ்சில் தொடங்கி, ஆகாயத்தைச் சுமந்துகொண்டு, நாரையின் கால் வழியாகக் கடல் வரைக்கும் போயிற்று. எங்கே தரை முடிந்தது, எங்கே ஆகாயம் தொடங்கியது என்று தெரியவில்லை. ஸ்டானிஸ்லாஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தினால் இல்லை.

அங்கம்மாவும் அவள் புருஷன் ஜெயவேலும் பலகையும் கயிறுமாக வந்து சேர்ந்தார்கள்.

"ஷ்!" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "இரு. இன்னும் கொஞ்ச நேரம்."

"இன்னாது?"

"நாரை கீது. அப்பாலிக்கா இழு."

ஜெயவேல் பெண்டாட்டியைப் பார்த்தான். "மண்டைல வெயில் ஏறிடுச்சா இவனுக்கு?"

"யோவ், தண்ணி ஏறுதுய்யா!" என்றாள் அங்கம்மா.

"ஏறட்டும். மார்ல வந்தா சொல்றேன்."

மார்புக்கு வந்த பிறகும் அவன் சொல்லவில்லை. அவர்களாகவே இழுத்தார்கள். சேறு அவனைக் கொடுத்தது. வெள்ளை பேண்ட்டையும் இரண்டு ஷூவையும் வைத்துக்கொண்டது. ஜெயவேல் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்து, வேறு பக்கம் திரும்பி நின்றான், தோள் குலுங்க.

மறுநாள் பாடு முடிந்ததும் ஸ்டானிஸ்லாஸ் கயிற்றோடு வந்தான். ஒரு முனையைக் கண்டல் வேரில் கட்டி, மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தானாகவே போய்ப் புதைந்தான். முன்னால் ஒரு பலகை, அதன்மேல் நோட்டு. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். குப்பத்துப் பெண்கள் சோறு தின்ற கையோடு கரையில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பெயிண்டர நட்டு மூணு நாளாச்சே, தழைச்சுச்சா?"

"வேர் வுட்டாச்சு! நாளைக்கு எலை வுடுவாரு!"

அவன் காதில் விழவில்லை. விழுந்தாலும் திரும்ப முடியாது.

எட்டு நாள் பாடும் முடிந்த மறுநாள் வலை கட்டுகிற கொட்டாயில் படுதாவை விரித்தான். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிப் பொடியைக் குழைத்தான். வரைய ஆரம்பித்ததும் ஒரு தொல்லை. அவன் பார்த்த சேறு படுதாவின் அடி விளிம்போடு நிற்க மாட்டேன் என்றது. அது நெஞ்சிலிருந்து தொடங்குகிற சேறு. தொங்குகிற துணியில் எப்படி அடங்கும்? ஜெயவேலிடம் கிழிந்த பாய்மரத் துணி ஒன்று இருந்தது. அதை வாங்கி, படுதாவின் அடியில் சேர்த்துத் தைத்து, மேடைமேல் எட்டடி விரிகிற மாதிரி செய்தான். அந்த எட்டடியிலும் சேறு. நடுவில் அந்த மினுங்கும் திட்டு. அதற்கென்றே காக்காப்பொன்னைப் பொடித்துத் தூவினான். ஓரமெல்லாம் நண்டு வளைகள், ஒன்றுகூட விடாமல். இத்தனை அழகான இடத்தில் ராஜகுமாரி நிற்காமல் வேறு எங்கே நிற்பாள்? சரியாகத் திட்டின் நடுவில் அவளுக்கு இடம் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கொட்டகை நிறைந்திருந்தது. அங்கம்மா பாதி எண்ணூர்க் குப்பத்தோடு வந்து தரை டிக்கெட்டில் அடைந்திருந்தாள். கிருஷ்ணப்பன் தட்டிக்குப் பின்னால், ஸ்டானிஸ்லாஸுக்குப் பக்கத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

காட்டு சீன் இறங்கியது. வெளிச்சம் விழுந்தது.

கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஸ்டானிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

புஷ்பவல்லி தள்ளாடியபடி வந்தாள். ஒரு அடி. இரண்டு அடி. "ஐயோ, நாதா! என்னை இந்தக் கொடிய வனத்தில்..."

"அங்க போவாத!"

மூன்றாம் வரிசை. வேறு யார்?

"அம்மாடி, நில்லு! பளபளன்னு கீது பாரு! முழுங்கிடும்!"

புஷ்பவல்லி திகைத்து இன்னொரு அடி வைத்தாள். இப்போது ஐம்பது குரல். "ஐயய்யோ!" "கால எடு!" "வயித்துப் புள்ளக்காரியாட்டம் அசைஞ்சுகினு வராளே!" ஒரு கிழவர் எழுந்து நின்று தலைத்துண்டைக் கயிறாக முறுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாய்யா பண்ணி வச்சே?" கிருஷ்ணப்பன் பல்லைக் கடித்தார்.

அழகு என்று அவன் எழுதினது, தரை டிக்கெட்டுக்கு ஆபத்து என்று தெரிந்தது. இரண்டும் ஒன்றேதான், அவனே போய் விழுந்த இடம். அது ஏன் வரையும்போது ஞாபகம் வரவில்லை? சலூன் கடை போர்டு கண் முன்னால் ஆடியது. கத்தரி, சீப்பு, உள்ளே வரவும்.

புஷ்பவல்லி பன்னிரண்டு வயதில் மேடை ஏறினவள். தேள் கொட்டியும் பாட்டை முடித்தவள். ஒரு கண நேரம் கீழே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அழுத குரல் மாறாமல் கேட்டாள்:

"வனத்தில் வாழும் தாய்மார்களே! வழியறியாத பேதை நான். எங்கே கால் வைப்பேன்?"

கொட்டகை வெடித்தது.

"இந்தாண்ட வா! நண்டு வளை மேல வை!"

"எடது கால் மொதல்ல!"

"பாவாடைய தூக்கிக்கோ கண்ணு!"

ராஜகுமாரி நண்டு வளை ஒன்று ஒன்றாகக் கால் வைத்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் முந்நூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள், விட்டார்கள். திட்டைச் சுற்றிக்கொண்டு மறு ஓரம் போய்ச் சேர்ந்து, அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். தாங்களே கையைப் பிடித்துக் கரை சேர்த்த பெண் அழுதால் யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? முந்தானைகள் கண்ணுக்குப் போயின. அங்கம்மா மூக்கைச் சிந்திய சத்தம் தட்டிவரை கேட்டது.

கிருஷ்ணப்பன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

அடுத்து ராஜா வர வேண்டும். மனம் திருந்தி, பெண்டாட்டியைத் தேடி. ராஜா வேஷம் ரகுபதி. பின்னால் தொங்குவது காடா கடைத்தெருவா என்று ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவர். மீசையை நீவிக்கொண்டு எதிர்த் தட்டியிலிருந்து நுழைந்தார்.

தரை டிக்கெட்டில் அழுகை டக்கென்று நின்றது. எல்லாக் கண்ணும் ராஜா மேல். ஓடிப்போனவன்! அங்கம்மா மெதுவாக எழுந்தாள். தேன் ஒழுகக் கூப்பிட்டாள்.

"வா ராஜா வா. நேரா வா."

"நேராவே வா ராஜா!" என்றது வரிசை முழுக்க. "நட்ட நடுவுல வா!"

இப்படி ஒரு வரவேற்பு ரகுபதிக்கு ஆயுசில் கிடைத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மினுங்கும் திட்டின் நடுவில் வந்து நின்று கைகூப்பினார். கைத்தட்டல் கூரையைத் தூக்கியது. மகிழ்ந்துபோய்ப் பாட்டை எடுத்தார். முதல் அடி முடிந்தது. இரண்டாம் அடி முடிந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு.

"இன்னும் ஏன் முழுகல?"

"கனமான ஆளாச்சே, இந்நேரம் இடுப்பு போயிருக்கணுமே!"

தட்டிக்குப் பின்னால் ஸ்டானிஸ்லாஸுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தரையோடு தரையாகப் படுத்து, படுதா ஓரம் தலையை நீட்டி, "ரகுபதி அண்ணே! முட்டி போடு! மெதுவா! புதையற மாதிரி!" என்றான்.

"எதுல புதையறது?" என்றார் ராஜா உதட்டோரத்தால்.

"சேத்துல! கால வெளிய எடுக்கப் பாரு. வராது. மறுபடி பாரு. அப்பவும் வராது. கைய விரிச்சுக்கோ. மூச்சைப் புடி!"

பாட்டு நடுவில் ராஜாவின் ஒரு கால் மடங்கியது. மறு கால் மடங்கியது. ஸ்டானிஸ்லாஸ் சொல்லச் சொல்ல, ரகுபதி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தார். பட்டு அங்கி சுற்றிலும் சேற்றில் விரிந்தது. முகத்தில் உண்மையான கலவரம், ஏனென்றால் என்ன நடக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. கொட்டகை இரைந்தது. அப்புறம் அடங்கியது. ஏனென்றால் புஷ்பவல்லி எழுந்துவிட்டாள். முந்தானையை அவிழ்த்து, ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, கூட்டத்தைத்தான் பார்த்தாள்.

"வுடாத, கெடக்கட்டும்!" என்றது ஒரு குரல்.

"பாவம்டி. புருஷனாச்சே."

"இவ புருஷனா? ஓடிப்போன கய்தே!"

வரிசைக்கு வரிசை வாக்குவாதம் ஏறி இறங்கியது. கடைசியில் அங்கம்மா தீர்ப்புச் சொன்னாள். "இழு கண்ணு. ஆனா மெதுவா இழு."

புஷ்பவல்லி முந்தானையை வீசினாள். மெதுவாகத்தான் இழுத்தாள். மூன்று நிமிஷம். அதற்குள் தரை டிக்கெட் மொத்தமும் அழுது முடித்து, பெஞ்சு டிக்கெட்டுக்கும் பரவிவிட்டது.

திரை விழுந்தது. கிருஷ்ணப்பன் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தார். அவன் இன்னும் தரையில்தான் கிடந்தான்.

"எழுந்திருய்யா."

"மொதலாளி, சேத்தை வேணா அழிச்சுடறேன்..."

"அதைத் தொட்டே, கைய ஒடிச்சுடுவேன்." கிருஷ்ணப்பன் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "பம்பாய்ப் படுதால ராஜா இப்படி முழுகுவானா? வேலை உன்னுதுதான். எளுதினது நீ, எங்க கால் வைக்கலாம்னு உனக்குத்தான் தெரியும். இனிமே ஆக்டருங்களுக்கு அதையும் நீதான் சொல்லணும்."

அந்த நாடகம் அப்புறம் நாற்பது வாரம் நடந்தது. வாரா வாரம் ஆட்டத்துக்கு முன்னால் வேஷம் கட்டின நடிகர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்பார்கள். ஸ்டானிஸ்லாஸ் முன்னால் நடப்பான். நண்டு வளை, நண்டு வளை, அதோ அந்த வேர், பிறகு மறுபடி நண்டு வளை. மந்திரி, தோழி, விதூஷகன் எல்லாரும் அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து வருவார்கள். ரகுபதி மட்டும் கடைசியில் நின்று, மீசையைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்பார்:

"தம்பி, இன்னிக்கு எதுவரைக்கும்? இடுப்பா, மாரா?"